மூன்று முறை அழைத்தும்

நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை கருவூலத்துக்குப் போய் நிரூபிக்க வேண்டும். வீட்டிலிருந்தபடியே கைரேகை வைத்தும் நிரூபிக்கலாம் என்று இப்போது வசதி வந்திருக்கிறது. நான் நேரில் போவதையே விரும்புகிறேன். வேலைக்காலம் முழுவதும் மற்றவர்களை நேரில் வரச் சொன்னவன், தான் மட்டும் வீட்டில் உட்கார்ந்து விரலை நீட்டுவது முறையல்ல.

இந்த ஆண்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் பழைய அலுவலக உதவியாளர். ஜவ்வாது மலைமேல் நான் துணை வட்டாட்சியராக இருந்தபோது, என் அறை வாசலில் நின்று மனுதாரர்களைப் பெயர் சொல்லி அழைப்பது அவர் வேலை. இரண்டு மேடு தாண்டிக் கேட்கும் குரல். என்னைக் கண்டதும் வணக்கம் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து செல்பேசியை எடுத்தார்.

"சார், இத்த கேட்டீங்களா? பஸ்ல இதான், டீக்கடைல இதான், கல்யாண வூட்ல இதான். நம்ம பாட்டு சார்!"

"நம்ம பாட்டா?"

"என் கொரலு இருக்குது சார் இதுல! வேலூருக்குக் கூட்டினு போயி, கண்ணாடி ரூம்ல நிக்க வெச்சி, 'ஆபீஸ்ல கூப்புடுவீங்களே, அதே மாரி கூப்புடுங்க'ன்னாங்க. கூப்ட்டேன்."

முதலில் ஆர்மோனியம் மூச்சு வாங்கியது. அந்தக் காலத்து நாடகக் கொட்டகையில் திரை ஏறுவதற்கு முன் இழுப்பார்களே, அதே இரண்டு நீளச் சுரங்கள். அதற்கடியில் திடீரென்று இக்காலத்து இயந்திர மேளம் சேர்ந்துகொண்டது. கிழவர் ஒருவரை மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்தது போலிருந்தது. கிழவரும் மகிழ்ச்சியாகவே இருந்தார். பிறகு ஒரு பெண்குரல், ராஜபார்ட் மாதிரி ஒவ்வொரு சொல்லையும் இழுத்து:

"அசலைக் கொடுத்தேன் ஐயா... நகல் எங்கே?
நகலைக் கொடுத்தேன் ஐயா... நகலுக்கு நகல் எங்கே?
நாலு மலை நடந்து வந்த என் கால் எங்கே?"

ஒரு கூட்டமே சேர்ந்து, "எங்கே? எங்கே? எங்கே?" என்றது.

கூட்டம் செல்பேசிக்குள் மட்டும் இல்லை. வரிசையில் நின்ற ஓய்வூதியர்கள் கைத்தடியால் தரையைத் தட்டி, "எங்கே? எங்கே?" என்றார்கள். கம்பிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் தலை நிமிராமல் முணுமுணுத்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு எனக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை.

ஆனால் வரி தெரிந்திருந்தது. நகலுக்கு நகல் எங்கே என்று கேட்டவன் நான். ஒரு மழைநாளில், ஒரே ஒரு முறை, எரிச்சலில் கேட்டது. அது எந்தக் கோப்பிலும் இல்லை. கோப்பில் இல்லாத ஒன்று நடக்கவில்லை என்ற நம்பிக்கையில் நான் ஓய்வு பெற்றிருந்தேன்.

"யாரு பாடறது?" என்றேன், தெரிந்துகொண்டே.

"மனுக்காரம்மா சார். வேற யாரு?"

மனுக்காரம்மா என்றுதான் அலுவலகத்தில் எல்லோரும் சொன்னோம். அவருடைய உண்மையான பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுத அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கேட்க நேரில் போக வேண்டும்.

புதூர்நாட்டுப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். அப்போது நாற்பது வயதிருக்கும். அலுவலக வளாகத்தில் இருசக்கர வண்டிகள் நிற்கும் தகரக் கொட்டகையில், ஒரு பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கிக்கொண்டு மனு எழுதுவார். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அந்த இடத்தில் நூல் கட்டியிருக்கும். மனு எழுதுபவர்களை எனக்கு நிறையத் தெரியும். பொதுவாக அவர்கள் எழுதுவார்கள், மனுதாரர் கைநாட்டு வைப்பார், இருவரும் பிரிவார்கள். இவர் எழுதியதோடு விடமாட்டார். எழுதியதை நாடக மெட்டில் கட்டி, மனுதாரருக்குப் பாடம் பண்ணுவார். கொட்டகையிலேயே இரண்டு மூன்று முறை பாடிப் பார்த்துவிட்டு உள்ளே அழைத்து வருவார்.

நான் பொறுப்பேற்ற முதல் வாரம் அது எனக்குத் தெரியாது. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். கைகூப்பினார். "பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களே..." என்று எடுத்து, மேல் சுரத்தில் நின்று, என் கிணறு, என் வரப்பு, என் பங்காளி என்று இறங்கினார். நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன். வாசலில் இந்த அம்மாள் கதவை விரலால் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்ன, அரசு அலுவலகமா நாடகக் கொட்டகையா?" என்றேன்.

"அவருக்குப் படிக்கத் தெரியாதுங்க. அவரு பேர்ல நான் இன்னா எழுதிருக்கேன்னு அவருக்குத் தெரிய வேணாமா? மெட்டுல போட்டா மறக்காது. நாளைக்கே நீங்க 'அப்பிடி ஒண்ணும் நீ கேக்கலியே'ன்னு சொன்னா, இவரு பாடிக் காட்டுவாரு."

அன்று மாலையே விதித்தொகுப்பைப் புரட்டினேன். மனு சுருக்கமாகவும் தெளிவாகவும் மரியாதையான சொற்களிலும் இருக்க வேண்டும். பாடக்கூடாது என்று எங்கும் இல்லை. அவர் மனுக்கள் மூன்று நிபந்தனைகளையும் நிறைவு செய்தன. என் பதில்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. தொடங்கிய மனுவைப் பாதியில் நிறுத்தமாட்டார். "பாதில நிறுத்னா அது மனு இல்லீங்க, பொலம்பலுங்க" என்பார். ஒருநாள் மாலை மலையிறங்கும் கடைசிப் பேருந்து வாசலில் நின்று ஊதிக்கொண்டே இருந்தது. நடத்துனர் இறங்கி வந்து கொட்டகையில் எட்டிப் பார்த்து, "யக்கா, வர்றியா இல்லியா? வண்டி போய்டும்" என்றார். இவர் ஒரு விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, கிழவர் ஒருவருக்குக் கடைசி அடியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பேருந்து போய்விட்டது. பிறகு பலாப்பழ ஜீப்பில் இடமில்லாமல், மேலே பழங்களோடு பழமாக உட்கார்ந்து போனதைப் பார்த்தேன். போகும்போதும் வாய் அசைந்துகொண்டிருந்தது.

இன்னொரு முறை மேலதிகாரி ஒருவர் தணிக்கைக்கு வந்திருந்தார். என் அறையில் ஒரு பெண்மணி, இந்த அம்மாள் தாளம் போட, குடும்ப அட்டையில் பெயர் விட்டுப்போனதைப் பாடிக்கொண்டிருந்தார். மேலதிகாரி நல்ல மனிதர். "போதும்மா, புரிஞ்சிருச்சு" என்றார். பாட்டு நிற்கவில்லை. எனக்கு வியர்த்தது. முழு மனுவும் முடிந்தபிறகு இந்த அம்மாள் திரும்பிச் சொன்னார்:

"ஒங்களுக்குப் புரிஞ்சிருக்கும் ஐயா. அவங்க இன்னும் சொல்லி முடிக்கல."

மேலதிகாரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது திமிராகப் பட்டது. குறித்து வைத்துக்கொண்டேன். நான் குறிப்பு எழுதிப் பழகியவன். தாளில் எழுதாத குறிப்புகளும் உண்டு.

இத்தனை பேருக்கு மனு எழுதியவர், தனக்கென்று ஒரே ஒரு முறைதான் எழுதினார். அவர் மகளுக்குச் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. பழங்குடிச் சான்றை வெள்ளிக்கிழமைக்குள் காட்ட வேண்டும். மலையில் பிறந்து மலையில் வளர்ந்தவர்களுக்கு அதைவிட எளிதான சான்று வேறு எது இருக்க முடியும் என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் அரசுப் பணியில் இருந்ததில்லை என்று பொருள். சான்றில் கையெழுத்து மலைக்குக் கீழே இருக்கும் கோட்டாட்சியருடையது. விசாரணை என் மேசையில் தொடங்கும்.

முதல் விசாரணையில் கேட்டேன். "உங்க அப்பா என்ன தொழில்?"

"சாமை வெதைப்பாருங்க. அறுப்பு முடிஞ்சா கீழ எறங்கி, நாடக செட்டுக்கு ஆர்மோனியம் வாசிக்கப் போவாரு. நான் சின்னப் புள்ளைல அந்தப் பொட்டி பக்கத்துலதான் தூங்குவேன்."

"மலையில ஆர்மோனியம் ஏது?"

"மலையில ஆபீஸ் ஏதுங்க? அதுவுந்தான் கீழேருந்து வந்துச்சி."

வாசலில் உதவியாளர் இருமுவது போலச் சிரித்தார். நான், 'மனுதாரரின் தந்தை தொழில் குறித்து முரண்பாடு உள்ளது. மனுதாரர் வியாழன் காலை பதினொரு மணிக்கு நேரில் ஆஜராகி வாக்குமூலம் அளிக்கவும்' என்று எழுதினேன். இப்போது அதைத் திரும்பப் படித்தால் எனக்கே அதிர்ச்சியாக இருக்கிறது. மலைக்காரர் ஒருவர் ஆர்மோனியம் வாசித்தால் அவர் மலைக்காரர் இல்லை என்று நான் கருதியிருக்கிறேன். அன்று அது எனக்குக் கூர்மையான கவனிப்பாகத் தோன்றியது.

வியாழக்கிழமை பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அவர் என் அறைக்குள் வந்தார். தன் மனுவுக்காக இல்லை. ஆடு மேய்க்கும் ஒருவரோடு வந்தார். அந்த மனிதருக்குத் திக்குவாய். தன் பெயரைச் சொல்லவே ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் எதிரே இருப்பவர் பொறுமை இழந்துவிடுவார், இவர் தலை குனிந்து போய்விடுவார். அவர் நிலத்துப் பட்டா வேறொருவர் பெயருக்கு ஏறி நான்காண்டுகள் ஆகியும் யாரிடமும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் மெட்டில் அவருக்குத் திக்கவில்லை. அந்த அம்மாள் மேசை விளிம்பில் தாளம் தட்டி, கூடவே மெல்லப் பாட, அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, ஓடையில் நீர் போவது போலத் தடையில்லாமல் பாடினார். புல எண், எல்லை, வாங்கிய விவரம் எல்லாம் வந்தன. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பாதி ஆகியிருக்கும். சுவர்க் கடிகாரம் பதினொன்று காட்டியது. வாசலில் உதவியாளர், வழக்கம்போல எனக்கு முதுகைக் காட்டி, தாழ்வாரத்தைப் பார்த்து, பட்டியலில் இருந்த அந்த அம்மாளின் பெயரைச் சொல்லி அழைத்தார்.

அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கை தட்டுவதை நிறுத்தவில்லை.

உதவியாளர் இரண்டாவது முறை அழைத்தார். ஆடு மேய்ப்பவரின் குரல் அந்தச் சத்தத்தில் லேசாகத் தடுமாறியது. அந்த அம்மாள் தன் குரலை உயர்த்தி அவரைத் தாங்கிப் பிடித்தார். 'இருக்கேன்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தாளம் அறுந்திருக்கும், அந்த மனிதர் நின்றிருப்பார், நின்றால் மறுபடி தொடங்கியிருக்க மாட்டார். அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவர் கண்ணால் என்னிடம் கேட்டதும் எனக்குப் புரிந்தது. 'இங்கே இருக்கிறார்' என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்குத் திக்குவாய் இல்லை.

மூன்றாவது முறை அழைத்தார்.

நான் பேனாவை எடுத்து எழுதினேன். 'மூன்று முறை அழைத்தும் மனுதாரர் ஆஜராகவில்லை. மனு முடிக்கப்பட்டது.'

மனு எழுதுபவர்களுக்குத் தலைகீழாகப் படிக்கத் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். என் பேனா நகர நகர அவர் கண்களும் நகர்ந்தன. கடைசிச் சொல்லில் நின்றன. மெட்டு ஓர் இழைகூடப் பிசகவில்லை. மனு முடிந்ததும் ஆடு மேய்ப்பவரிடம், "நல்லா சொன்னீங்கண்ணா. ஒண்ணுகூட உடல" என்றார். கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

பட்டாவை அந்த மாதமே திருத்திக் கொடுத்தேன். அது இந்தப் பாட்டில் இல்லை.

அந்த அம்மாள் மறுமனு போட்டார், சான்று கிடைத்தது. முறைப்படி என்ன காலம் ஆக வேண்டுமோ அந்தக் காலம் ஆனது. அதற்குள் செவிலியர் இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. மகள் கீழே இறங்கி, தோல் காலணி தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள் என்று உதவியாளர் சொன்னார். நான் 'அப்படியா' என்றேன். பிறகு மாற்றலாகிவிட்டேன். மனுதாரர் தாழ்வாரத்தில் நின்று பதில் சொன்னால்தான் ஆஜர் என்பது விதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பல ஆண்டுகள் நன்றாகத் தூங்கினேன். ஓய்வு பெற்றபின் ஒரு மத்தியானம், வேறு எதற்கோ விதித்தொகுப்பைப் புரட்டியபோது அதைத் தேடிப் பார்த்தேன். தாழ்வாரம் என்ற சொல்லே அதில் இல்லை. எல்லா விதியும் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவன், இல்லாத விதி ஒன்றால் ஒரு பெண்ணின் படிப்பை முடித்திருக்கிறேன்.

கருவூலத்து வரிசையில் உதவியாளர் பாட்டை முழுக்கப் போட்டுக் காட்டினார். நடுவில் அவர் குரல் வந்தது. அதே அழைப்பு. பெயர் மட்டும் இல்லை. பெயரின் இடத்தில் ஆர்மோனியம். ஒவ்வோர் அழைப்புக்குப் பின்னும் ஓர் இடைவெளி.

"மெட்டு யாரு போட்டது?"

"அந்தம்மாதான் சார். பொண்ணு மிசின் மேளம், கீபோர்டு. கம்பெனில கூட வேலை செய்ற ரெண்டு பொண்ணுங்கோ கூட பாடறாங்க. வர்ற ஞாயித்துக்கெழம காவலூர்ல நிகழ்ச்சி. நானும் மேடையேறுறேன். வாங்க சார், முன்னாடி சேர் போடச் சொல்றேன்."

"அவங்களுக்கு என்மேல கோவம் இருக்குமே?"

அவர் வியப்போடு பார்த்தார். "ஒங்க பேரு எங்கயும் சொல்லல சார்."

கணியம்பாடியில் உள்ள என் வீட்டுக்கு வந்ததும் வழக்கறிஞர் அறிவிப்பு ஒன்றை வரைவு செய்தேன். அவதூறு என்றால், பாட்டில் வரும் ஐயா நான்தான் என்று முதலில் நான் நிறுவ வேண்டும். அதற்கு ஆதாரமாக அந்த வியாழக்கிழமைக் கோப்பை இணைக்க வேண்டும். இரண்டாம் பத்தியில் பேனா நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினேன். சாட்சியம் திரட்டப் போவதாக மனைவியிடம் சொன்னேன்.

காவலூரில் வானாய்வகம் இருப்பதால், இருட்டியபின் மேடை விளக்குப் போட்டு நட்சத்திரம் பார்ப்பவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஊராரே நிகழ்ச்சியைப் பகல் மூன்று மணிக்கு வைத்திருந்தார்கள். ஆகவே ஒளிந்துகொள்ள இருட்டு இல்லை. முன்வரிசையைத் தவிர்த்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் அந்த அம்மாள் ஆர்மோனியத்தோடு இருந்தார். கண்ணாடிக்குப் புதுக் கால் போட்டிருந்தார். பக்கத்தில் மகள். உதவியாளர் பழைய காக்கிச் சட்டையை எங்கிருந்தோ தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். அதற்கே கைதட்டினார்கள்.

"நகலுக்கு நகல் எங்கே?" வந்ததும் மலையே கேட்டது, "எங்கே? எங்கே?" என் பக்கத்து நாற்காலிக்காரர் என் தொடையில் தட்டி, "பாடுங்க சார், வெக்கப்படாதீங்க. எல்லாரும் ஆபீஸ் போனவங்கதான்!" என்றார். அழைப்பு வந்தபோது இடைவெளி எதற்கு என்று புரிந்தது. உதவியாளர் ஒவ்வொரு முறை அழைத்தபோதும், பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும் ஒரே குரலில், "உள்ளதான் இருக்கேன்!" என்று கத்தினார்கள். மூன்று முறை. அன்று என் அறையில் யாரும் சொல்லாத சொல் அது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். செல்பேசியில் அத்தோடுதான் முடிகிறது. ஆனால் மேடைக்கென்று ஒரு கடைசி அடி வைத்திருந்தார்கள்.

"எங்களையே எத்தினி நாளு கூப்புடுவீங்க? இப்ப ஐயாவக் கூப்புடலாமா?" என்றார் அந்த அம்மாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. உதவியாளர் இந்த முறை எங்களைப் பார்த்துத் திரும்பினார். "துணை வட்டாட்சியர் ஐயாஆஆ!" சிரிப்பு. எல்லோரும் விளையாட்டாக அங்குமிங்கும் கழுத்தைத் திருப்பித் தேடினார்கள். உதவியாளரின் கண் என்மேல் வந்து நின்றது. தான் அழைக்கும் ஐயா நிஜமாகவே எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். இரண்டாவது அழைப்பில் அந்தப் பெரிய குரல் உடைந்தது.

அந்த அம்மாள் அவரைப் பார்த்தார். அவர் பார்வை போன திசையில் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

மூன்றாவது அழைப்பு மெதுவாக வந்தது. மேடையில் அந்த அம்மாள் கையைத் தூக்கினார். மகள் மேளத்தை நிறுத்தினாள். ஆர்மோனியத்தின் துருத்தி மூடியது. பாட்டு நின்றுவிட்டது.

பேருந்துக்கும் மேலதிகாரிக்கும் சொந்த மகளின் படிப்புக்கும் பாதியில் நிறுத்தாத அந்த அம்மாள் நிறுத்திவிட்டு, துருத்தியில் கை வைத்தபடி, எனக்காகக் காத்திருந்தார். முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. கொட்டகையில், அடுத்த வரியை மறந்துபோன மனுதாரருக்கு முன்னால் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

ஒரு சொல். அது என் நாக்கில் இருந்தது. முழங்கால்கூட ஒரு விரற்கடை உயர்ந்தது. பக்கத்து நாற்காலிக்காரர், "இன்னா சார், ஒடம்பு சரியில்லியா?" என்றார். நான் தலையை ஆட்டி, உட்கார்ந்துகொண்டேன்.

அவர் இன்னும் சற்று நேரம் பார்த்தார். பிறகு துருத்தியை இழுத்து, விட்ட இடத்திலிருந்து சுரம் பிசகாமல் எடுத்தார்.

"மூன்று முறை அழைத்தும் ஆஜராக வில்லையே..."

"முடிக்கப்பட்டது!" என்றது கூட்டம்.

நான் உயிரோடு இருப்பதாகக் கருவூலத்தில் பதிந்து அன்றைக்கு ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.